தியத்தீராவும் ஒரு பிடி பொரியும்

தியத்தீரா என்ற ஊரை வைத்து யார் பிரசங்கம் செய்தாலும் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்தில் ஏழு சபைகளுக்குக் கடிதம் போகிறதே, அதில் நாலாவது கடிதம் அந்த ஊருக்கு. பெரிய ஊரெல்லாம் இல்லை. சாயம் போடுகிறவர்கள், நெய்கிறவர்கள், வெண்கலம் அடிக்கிறவர்கள் என்று கைவேலை செய்து சாப்பிட்டவர்களின் ஊர். இரத்தாம்பரம் என்கிற சாயத்துணி விற்ற ஒரு பெண் அப்போஸ்தலரைத் தன் வீட்டுக்கு வருந்தி அழைத்தாளே, அவளும் அந்த ஊர்க்காரிதான். அந்த ஊர் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து நான் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. நான் பிழைத்தது திருப்பூரில்.

எண்பதுகளின் நடுவில் திருநெல்வேலிப் பக்கமிருந்து நானும் வீட்டுக்காரரும் வந்தோம். இரண்டு பேருக்கும் ஒரே பனியன் கம்பெனி. அவர் தையல் மெஷினில், நான் செக்கிங்கில் பிசிறு வெட்டிக்கொண்டு. குடியிருந்தது அனுப்பர்பாளையத்தில் ஒரு லைன் வீடு. காலையிலிருந்து பாத்திரம் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். தியத்தீராவுக்கு எழுதுகிற ஆண்டவரின் பாதம் பளபளக்கும் வெண்கலம் போல இருந்தது என்று அந்தக் கடிதம் சொல்லும். அதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பட்டறை வாசலில் நின்று கண் கூசக் கூசப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை பெரிய விசேஷம். மெஷினையெல்லாம் துடைத்துச் சந்தனம் வைப்பார்கள். என் கத்திரிக்கும் ஒரு பொட்டு விழும். பூஜை முடிந்ததும் முதலாளியம்மா தன் கையாலேயே ஆளுக்கொரு பொட்டலம் பொரியும் கடலையும் கொடுப்பார். சாமிக்குப் படைத்ததை நாங்கள் தின்பதில்லை, ஆனால் வேண்டாம் என்று சொன்னால் அவர் மனசு புண்படும். அதனால் சபைக்காரர்கள் நாங்களெல்லாம் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வோம். வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவோம். இது போதகருக்கும் தெரியும், முதலாளியம்மாவுக்கும் தெரியும். யாருக்கும் வருத்தமில்லாமல் வருஷா வருஷம் நடந்துவந்தது.

அந்த வருஷம் நான் எட்டு மாசம். பூஜைக்கு முன்னால் சரக்கு போயாக வேண்டும் என்று காலையிலிருந்து நின்றபடி வேலை. சாப்பாட்டு நேரமே இல்லாமல் போய்விட்டது. பூஜையில் நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. முதலாளியம்மா என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"வாயும் வயிறுமா நிக்கறே, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது. உக்காரு கண்ணு. மொதல்ல இதைத் தின்னு."

துணிப் பண்டல்மேல் உட்காரவைத்து, பொட்டலத்தை அவரே பிரித்து என் மடியில் வைத்தார். நான் தின்றேன். வயிற்றுக்குள் பிள்ளை அசைந்தது. போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது.

என்னோடு வேலை செய்த எங்கள் சபைக்காரி ஒருத்தி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தன் பொட்டலத்தை வழக்கம்போலப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, நேரே போதகரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு பிரசங்கம், தியத்தீரா. அந்தச் சபையில் ஒரு பெண் இருந்தாளாம், விக்கிரகங்களுக்குப் படைத்ததைத் தின்னச் சொல்லிக்கொடுத்தாளாம். அவளுக்குக் கடிதத்தில் ஒரு பெயர் உண்டு, பழைய ஏற்பாட்டில் வரும் ஒரு கெட்ட ராணியின் பெயர். அந்தப் பெயரைப் போதகர் என் பக்கம் பார்த்தபடியே மூன்று நாலு தடவை சொன்னார். அதை நான் இங்கே எழுத மாட்டேன். எட்டு மாசக் கர்ப்பிணியைப் பார்த்துச் சொல்கிற பெயரா அது? அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்திலிருந்து என்னை நிறுத்திவிட்டார்கள். சபைக்கு முன்னால் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டால்தான் பிறக்கிற பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

"ஏளா, ஒரு வார்த்தைதான, சொல்லிட்டு வந்துருவோம்" என்றார் வீட்டுக்காரர்.

"பசிச்சுது, தின்னேன். பசிச்சதுக்கா மன்னிப்பு கேக்கணும்?" என்றேன்.

அன்றைக்கு முன் பெஞ்சில் ஒரு சாயப்பட்டறை முதலாளி உட்கார்ந்திருந்தார். எங்கள் சபையில் பெரிய மனுஷர். அவர் பட்டறையிலும் ஆயுத பூஜை உண்டு. ஆட்கள் கேட்கிறார்கள் என்று அவரே பொரிமூட்டை வாங்கிப் போடுவார். அவர் பட்டறைத் தண்ணீர் ஓடையில் இறங்கி, அந்த வாரம் என்ன சாயமோ அந்த நிறத்தில் நொய்யலுக்குப் போகும். ஓடையோரத்துக் கிணற்றுத் தண்ணீரில் வாய் வைக்க முடியாது. தியத்தீராவைப் பற்றிப் பேசினால் அவரைப் பற்றியல்லவா முதலில் பேசியிருக்க வேண்டும்? மூட்டை மூட்டையாக வாங்கிக்கொடுத்தவருக்கு முன் பெஞ்சு, ஒரு பிடி தின்றவளுக்கு அந்தப் பெயர்!

அந்தக் கடிதத்தை நானே உட்கார்ந்து வாசித்தேன். திட்டுக்கு முன்னால் பாராட்டு இருக்கிறது. உங்கள் வேலையும் அன்பும் பொறுமையும் எனக்குத் தெரியும் என்றுதான் ஆண்டவர் ஆரம்பிக்கிறார். அந்தப் பெண் பேச்சைக் கேட்காத மற்றவர்கள்மேல் வேறொரு பாரத்தையும் சுமத்த மாட்டேன் என்கிறார். அந்த ஊரில் தொழில் செய்ய வேண்டுமென்றால் தொழில்காரர் சங்கம் சாமிக்குப் படைத்துவைக்கிற விருந்தில் உட்கார வேண்டியிருந்ததாம். அந்த நெருக்கடியில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வந்த ஜனங்களுக்கு எழுதின கடிதம் அது. இன்றைக்கு ஒரு கிறிஸ்தவனுக்குத் தியத்தீரா எதற்கு என்று கேட்டால், கம்பெனி கேட்டுக்குள்ளும் ஆண்டவர் வருகிறார், நம் பாடு அவருக்குத் தெரியும் என்று அறிந்துகொள்ளத்தான் என்பேன். எங்கள் போதகர் அதிலிருந்து ஒரு தடியை மட்டும் உருவி எடுத்துக்கொண்டார்.

திருப்பூர் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தான். வீட்டுக்கு வருமுன்னே, நாலைந்து நாளில் உடம்பெல்லாம் மஞ்சள் பூத்தது. பால் குடிக்க மறுத்தான். கோயமுத்தூருக்கு உடனே கொண்டுபோகச் சொன்னார் டாக்டர், நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை. ஞானஸ்நானம் இல்லாமல் பிள்ளை போய்விடுமோ என்று பயந்தேன். வண்டி வருவதற்குள் போதகரைக் கூட்டிவர வீட்டுக்காரர் சைக்கிளில் பறந்தார். தனியாகத் திரும்பி வந்தார்.

"மொதல்ல ஒன்ன சபையில வந்து நிக்கச் சொல்லுதாரு" என்றார். என் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

எனக்கு அழுகை வரவில்லை. டம்ளரில் ஆறவைத்த வெந்நீர் இருந்தது. அதை எடுத்து, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பெயரால் பிள்ளையின் தலையில் நானே மூன்று தரம் ஊற்றினேன். பெயரையும் சொன்னேன். வீட்டுக்காரர் ஆமென் என்றார். பக்கத்தில் நின்ற நர்ஸும் ஆமென் என்றாள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். இரண்டு மாசம் கழித்து அவனைத் தூக்கிக்கொண்டு எங்கள் சபைக் கோயிலுக்குப் போனேன். ஆராதனை முடிகிற நேரம் போதகர் என்னைப் பார்த்து, "ஆஸ்பத்திரியில் செய்தது செல்லாது. அம்மா எழுந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், வருகிற ஞாயிறு முறைப்படி வைத்துக்கொள்வோம்" என்றார்.

நான் எழுந்தேன். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ஐயா, எம்பிள்ள சாவக் கெடந்தப்ப நீங்க வரல. ஆண்டவர் வந்தாரு. அவரு வந்து செஞ்சுட்டுப் போனது செல்லாதுன்னா, அத நீங்க அவருட்டயே சொல்லுங்க. இனி எம்பிள்ள தலைய நீங்க தொடக் கூடாது."

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பிள்ளை பசித்து அழுதான். சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, அங்கேயே, அத்தனை பேருக்கும் முன்னால் அவனுக்குப் பால் கொடுத்தேன்.