கூரையில் தொங்கிய சட்டைகள்

பர்மிங்காமில் பழைய தொழிற்சாலையொன்றை இடித்து அடுக்குமாடி கட்டும் இடத்தில் எனக்கு வேலை. இன்று காலை ஒரு சங்கிலி கறகறவென்று மேலே ஏறியது. துருவும் ஈரமும் கலந்த அந்த வாசம் மூக்கில் பட்டதும் நான் ஜெர்மனியில், ஹம் நகரத்து நிலக்கரிச் சுரங்கத்தின் உடைமாற்றும் மண்டபத்தில், எட்டு வயதில் அண்ணாந்து நின்றேன்.

அப்பா அங்கே துப்புரவு வேலை செய்தார். மண்டபத்தில் அலுமாரிகள் கிடையாது. சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் தங்கள் உடுப்பைக் கொளுக்கியில் மாட்டி, சங்கிலியை இழுத்துக் கூரைவரை ஏற்றிப் பூட்டிவிட்டுப் போவார்கள். தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான சட்டைகள் சவர்க்காரமும் கரித்தூளும் மணக்க, ஏதோ மூச்சு விடுவதுபோல மெல்ல அசைந்துகொண்டிருக்கும்; அப்பாவைத் தவிர அவற்றுக்குரிய ஆட்களெல்லாம் என் காலுக்கு அடியில், நிலத்தின் ஆழத்தில் எங்கோ இருப்பார்கள்.

"அப்பா, இதில உங்கட சேட் எது?"

"அந்தா, மூண்டாவது வரிசையில நீலம். இந்த நாட்டில அன்ட்ராக் எழுதாமல் எனக்குக் கிடைச்சது அந்தக் கொளுக்கி ஒண்டுதான்."

விசாவுக்கும் வீட்டுக்கும் அன்ட்ராக் என்ற விண்ணப்பத்தை எழுதி எழுதிக் களைத்தவர், அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்த மண்டபம் இன்று இல்லை. இங்கே நாங்கள் கட்டும் வீடுகளுக்கு மாடி ஏற ஏற விலையும் ஏறும். எவர் எந்த உயரத்தில் இருக்கலாம் என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்டது. அந்தக் கூரையில் எல்லாச் சட்டைகளும், அப்பாவின் நீலச் சட்டையும், ஒரே உயரத்தில் தொங்கின.