பாலில் அழுகிய அடீனியம்

இங்கே டென்மார்க்கில், பக்கத்து வீட்டு கிர்ஸ்டன் அம்மையார் ஜன்னலோரம் ஓர் அடீனியம் செடி வைத்திருக்கிறார். குளிர்காலம் முழுக்க அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டமாட்டார். எங்கள் வீட்டில் இருந்ததை அண்ணன் பால் ஊற்றியே அழுகவைத்தான் என்றேன். "பாவம், கை தவறிக் கொட்டியிருப்பார்" என்றார். தவறி இல்லை, தினமும் குளித்துவிட்டு வந்து ஊற்றினான் என்று விளக்க என் டேனிஷ் போதவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மாமல்லபுரம் போகும் வழியில் ஒரு நர்சரியில் வாங்கிய நான்கு விதைகளில் முளைத்தது அது ஒன்றுதான். திருப்போரூர் வீட்டு மாடியில் மணலும் செங்கல் பொடியும் கலந்து வைத்தேன். அடீனியத்தின் அடி பருக்க அவசரம் உதவாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிடுங்கி, வேர் ஒரு விரல் வெளியே தெரியும்படி உயர்த்தி நட வேண்டும். வெளிநாடு வந்த பிறகும், விடுமுறையில் ஊருக்குப் போனால் முதல் வேலை அதுதான். போனில் அண்ணனிடம் நான் கேட்டதெல்லாம், தண்ணீரை அளவாக ஊற்று என்பது மட்டுமே. பதினான்கு வருடத்தில் அடி தொந்தியாகி, ஒரு வேர் தும்பிக்கைபோல் வளைந்து இறங்கியது. அதுதான் வினையாயிற்று.

பழைய மகாபலிபுரம் சாலையில் கம்பெனிகள் வந்ததும் அண்ணன் மனை விற்க இறங்கிவிட்டான். கடைசியாக நான் போனபோது செடி மாடியில் இல்லை. அவனுடைய மனைப்பிரிவின் வாசலில், தகரக் கூரைக்கடியில், இலையெல்லாம் கிள்ளப்பட்டு, இடுப்பில் துண்டும் மேலெல்லாம் மஞ்சள் குங்குமமுமாக உட்கார்ந்திருந்தது. சுயம்புப் பிள்ளையாராம்! கிட்டே போனால் புளித்த பாலும் அழுகிய கிழங்கும் சேர்ந்த நாற்றம். தொந்தியில் விரல் வைத்தேன். உள்ளே போய்விட்டது. புழு நெளிந்தது.

"இன்னாண்ணா இது, அழுவிப் போய்கீது!"

"பேஜாரு பண்ணாதடா. பிளாட்டு பாக்க வர்றவன் மொதல்ல இத்த கும்பிட்டுகினுதான் உள்ளயே போறான்" என்றான் அண்ணன்.

அழுகலைச் செதுக்கி எறிந்து காயவிட்டால் பாதியாவது பிழைக்கும். வீட்டுக்குப் போய்க் கத்தி எடுத்து வந்தேன். அண்ணி பூஜைத் தட்டோடு பின்னாலேயே ஓடிவந்தார்.

"சாமி மேல கத்தி வெச்சிட்டு நீ பிளேன் ஏறிப் போய்டுவ தம்பி. எதுனா ஆச்சின்னா இங்க கீற எங்க புள்ளைங்களுக்குத்தான?"

நான் விதை போட்டு வளர்த்த செடிதான்; ஆனாலும் கத்தியைக் கீழே இறக்கினேன். மனை பார்க்க வந்த குடும்பம் ஒன்று செருப்பைக் கழற்றிவிட்டு எங்களையே பார்த்தது. அண்ணன்மேல் அருவருப்பு, அந்த நாற்றத்தின்மேல் அருவருப்பு. எல்லாவற்றையும்விட, ஒரு கணம் பயந்துபோன என்மேல்தான் எனக்கு அருவருப்பு. அண்ணி விபூதியை நீட்டினார். கத்தியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை நீட்டினேன்.