ரொட்டி ஏற்ற ஒரு வண்டி

என் வாய்க்குப் பயந்து விலையைக் குறைப்பவர்கள் உண்டு. பெருமைக்குச் சொல்லவில்லை. பிள்ளைச்சாவடியில் பிறந்து, மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் பக்கத்திலேயே வளர்ந்தவளுக்கு அது தானாக வந்துவிடும். காய்கறிக்காரர், துணிக்கடைக்காரர், ஆட்டோக்காரர் எல்லாரும் என்னிடம் தோற்றுப் போனவர்கள்தான். அந்த வாயை நம்பித்தான் நாங்கள் வண்டி வாங்கப் போனோம்.

என் வீட்டுக்காரர் டவுனில் ஒரு பேக்கரியில் டிரைவராக இருந்தார். அவரும் கடற்கரை ஆள்தான். வலை இழுக்கும்போது தோள்பட்டை நழுவியது. எத்தனை கட்டு போட்டும் பழையபடி சேரவில்லை. படகை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். விடியற்காலையில் ரொட்டி ஏற்றி, முத்தியால்பேட்டையில் ஆரம்பித்து காலாப்பட்டு வரைக்கும் கடை கடையாகப் போட்டுவிட்டு வருவார். அதற்கு லைன் என்று பெயர். பேக்கரிக்காரருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா. அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பேக்கரிக்காரரை முசே என்றுதான் கூப்பிடுவார்கள், பிரெஞ்சில் ஐயா மாதிரி.

ஒரு நாள் முசே இவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "வண்டிய எல்லாம் குடுத்துடப் போறேன்பா. டீசல், டயர், ரிப்பேரு, என்னால முடியல. நீ சொந்தமா ஒரு கூண்டு வண்டி கொண்டா, லைன் உனக்குத்தான். டிரிப்புக்கு இவ்ளோன்னு வாங்கிக்க. ஒண்ணாந்தேதிக்குள்ள கொண்டாரலன்னா வேற ஆளப் போட்டுடுவேன், கோச்சுக்காத."

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. அந்தத் தோளை வைத்துக்கொண்டு மூட்டை தூக்க முடியாது, கொத்து வேலைக்குப் போக முடியாது, திரும்பக் கடலுக்கும் போக முடியாது. ரெட்டியார்பாளையத்தில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். லைன் போனால் நாங்கள் அவ்வளவுதான். பயத்தை வெளியே காட்டாமல், "வண்டிதானே, வாங்கிட்டாப் போச்சு" என்றேன்.

ஏலச்சீட்டைக் கழிவு கொடுத்து எடுத்தேன். தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் காதில் ஈர்க்குச்சி செருகிக்கொண்டேன். படகு என்ஜின் மெக்கானிக்காக இருக்கிற என் தம்பி தன் பங்குக்குக் கொஞ்சம் கொடுத்தான். அதற்கு மேல் கேட்க எங்களுக்கு ஆள் இல்லை.

பழைய வண்டி விற்கிற இடத்துக்கு எங்கள் ஊரில் கன்சல்டிங் என்று போர்டு வைத்திருப்பார்கள். விழுப்புரம் ரோடு நெடுகிலும் ஏறி இறங்கினோம். எங்கள் பணத்தைச் சொன்னதும் ஒருவர் டீ வரவழைத்துக் கொடுத்தார். பரிதாபப்பட்டுக் கொடுத்த டீ அது, குடிக்கும்போதே தெரிந்தது. இன்னொரு இடத்தில் பளபளவென்று ஒரு குட்டியானை வண்டி நின்றது. தம்பி அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "பெயின்ட்ட சுரண்டுனா வண்டியே இருக்காதுக்கா" என்றான். ஒன்றுக்கு என்ஜின் புகை கக்கியது, ஒன்றுக்குக் கடன் தீரவில்லை. நன்றாக இருந்ததெல்லாம் எங்கள் விலைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஒண்ணாந்தேதி நெருங்க நெருங்க நான் தூங்குவதை விட்டுவிட்டேன். பிள்ளைகள் எதைக் கேட்டாலும் எரிந்து விழுந்தேன்.

அப்போதுதான் தம்பி போனில் அந்த விளம்பரத்தைக் காட்டினான். குட்டியானை, பின்னால் தகரக் கூண்டு அடித்தது, கதவு போட்டது. ரொட்டிக்கென்றே செய்தது மாதிரி இருந்தது. மூன்று பேரும் கிளம்பிவிட்டோம்.

விற்கிறவர் ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் வண்டியை நிறுத்தியிருந்தார். கழுவித் துடைத்து, கூண்டுக்குள் வெள்ளை பெயின்ட் அடித்து, கொத்தாக ஊதுபத்தி ஏற்றி வைத்திருந்தார். பக்திமான் என்று நினைத்துக்கொண்டேன். தம்பி என்ஜினைத் திறந்தான், சத்தத்தைக் கேட்டான், அடியில் படுத்தான், எழுந்து வந்து கண்ணைக் காட்டினான். என் வீட்டுக்காரர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். அவர் முகம் அப்படி மலர்ந்து பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது.

நான் ஆரம்பித்தேன். டயர் தேய்ந்திருக்கிறது, கண்ணாடியில் கீறல், கதவு கொக்கி சரியில்லை. ஒவ்வொன்றுக்கும் விற்கிறவர் விலையில் இறங்கினார். "ஏம்மா, என்னையும் வண்டியோட மொத்தமா முழுங்கிடுவ போலருக்கே" என்றார். நான் விடவில்லை. கடைசியில் எங்களிடம் இருந்த பணத்துக்கே கொடுத்துவிட்டார். எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்ட நான், என்ன லோடு அடித்த வண்டி என்று மட்டும் கேட்கவில்லை.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டு, மூன்று பேரும் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து வந்தோம். "அக்கா வாய்க்கு ஒரு செல வெக்கணும்" என்றான் தம்பி. நான் சிரித்தேன். வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

முதல் நாள் லைனுக்கு நானும் கூடப் போனேன். பேக்கரி அடுப்பின் சூட்டு வாசனையில் டிரே டிரேயாக ரொட்டி ஏறியது. முத்தியால்பேட்டை, பிள்ளைச்சாவடி, எல்லாக் கடைக்கும் இறக்கினோம். பிள்ளைச்சாவடியில் எங்கள் ஆட்கள் வண்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். காலாப்பட்டு போவதற்குள் வெயில் ஏறிவிட்டது. அங்கே ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் கடைசி டிரேயை இறக்கிவிட்டுத் திரும்பி, பாதி வழி கூட வரவில்லை. மெஸ்காரர் போன் செய்தார்.

"என்னா ரொட்டி குடுத்திருக்கீங்க? கருவாட்டு மூட்டைக்குள்ள போட்டு எடுத்த மாதிரி இருக்கு. பசங்க தூக்கி எறியுறாங்க. வந்து எடுத்துட்டுப் போங்க."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பிப் போய் ரொட்டியை எடுத்து மோந்து பார்த்தோம். ரொட்டி வாசனைதான் வந்தது. என் வீட்டுக்காரர் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். "நல்லாத்தானே இருக்கு" என்று என்னைப் பார்த்தார். அதற்குள் முத்தியால்பேட்டை கடைக்காரர் ஒருவரும் முசேவுக்குப் போன் போட்டிருந்தார். பேக்கரி வாசலில் முசே காத்துக்கொண்டிருந்தார். கூண்டுக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டவர், விட்ட வேகத்தில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"மீன் வண்டியா வாங்கின? இவ்ளோ நாத்தம் அடிக்குதே, உனக்குத் தெரியலியா?"

தெரியவில்லை. சத்தியமாக எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அந்தக் காற்றைக் குடித்து வளர்ந்தவர்கள். வண்டி பார்க்கப் போன மூன்று மூக்கும் கடற்கரை மூக்கு. என்ஜினில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தால் தம்பி கண்டுபிடித்திருப்பான். இதை அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

நேராகக் கொட்டகைக்குப் போய் விற்றவரைப் பிடித்துக் கத்தினேன். அவர் அசையவே இல்லை. "நான் மறைக்கலியேம்மா. கூண்ட நல்லாத் தொறந்துதானே காட்டினேன்? உங்களுக்கு முன்ன வந்தவன்லாம் கதவத் தொறந்ததும் ஓடிட்டான். நீங்க மூணு பேரும் உள்ளயே ஏறி நின்னு வெல பேசுனீங்க. தெரிஞ்சுதான் வாங்குறீங்கன்னு நெனச்சேன்." பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். நான் பேசிக் குறைத்த விலை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வண்டியை அதைவிடக் குறைவாகக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்.

முசே இளகிய மனசுக்காரர். ஒரு வாரம் வாடகை வண்டி வைத்துச் சமாளிப்பதாகவும், அதற்குள் நாற்றத்தைப் போக்கிக்கொண்டு வந்தால் பார்ப்பதாகவும் சொன்னார். அந்த வாரத்தை நினைத்தால் இப்போதும் கை எரிகிறது. புளி கரைத்துத் தேய்த்தோம். சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டுக் கழுவினோம். அடுப்புக்கரி, காப்பித்தூள், ஆப்பசோடா, வேப்பிலைப் புகை, யார் எதைச் சொன்னாலும் செய்தோம். ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் தகட்டுக்குக் கீழே இருக்கிற பலகையில் ஊறிப் போயிருக்கிறது, வெயில் பட்டால் மேலே வருகிறது என்றான் தம்பி. பலகையை மாற்றினால் கூண்டையே புதிதாக அடிக்க வேண்டும். அதற்கு எங்கே போவது? இன்னொரு தோடா இருக்கிறது?

கழுவுவதைவிடப் பெரிய கொடுமை ஒன்று இருந்தது. நாற்றம் போனதா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் மூக்குக்கு இல்லாததை எப்படிப் போக்குவது? வேறு வழியில்லாமல் மாடியில் இருக்கிற வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டேன். முட்டை கூடத் தொடாதவர், நல்ல மனுஷி. தினமும் சாயந்திரம் அவர் இறங்கி வந்து, முந்தானையை ஒதுக்கிக்கொண்டு, கூண்டுக்குள் தலையை நீட்டி மோந்து பார்த்துவிட்டு, "இன்னும் இருக்கும்மா" என்பார். பரீட்சை பேப்பர் திருத்துகிறவர் முன்னால் நிற்கிற பிள்ளைகள் மாதிரி நாங்கள் இரண்டு பேரும் நிற்போம். அவர் மேலே போனதும் மறுபடி வாளியைத் தூக்குவோம். தோள் வலியில் என் வீட்டுக்காரர் ஒரு கையால்தான் தேய்த்தார்.

கெடுவுக்கு முந்தின சாயந்திரம் வீட்டுக்காரம்மா வந்தார். மோந்தார். நின்று இன்னொரு தரம் மோந்தார். முகம் தெளிந்தது.

"இப்ப பரவால்லம்மா. உங்க வீட்டு வாசப்படி கிட்ட வந்தா எப்பிடி இருக்குமோ, அந்த அளவுக்குத்தான் இருக்கு. நாங்க பழகிக்கலியா என்ன?"

எனக்கு வந்த சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பின்பக்கம் ஓடிப்போய், "போயிடுச்சுங்க, போயிடுச்சாம்!" என்று கத்தினேன். குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார்.

"என்னா சொன்னாங்க? அப்பிடியே சொல்லு."

சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே கேட்டது. அவர் குழாயை மூடவில்லை. தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாக அந்த அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டி மாடி ஏறியிருப்பார்? பள்ளிக்கூடத்தில் என் பிள்ளைகள் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், யார் உட்காருவதில்லை? நான் இதுவரைக்கும் கேட்டதே இல்லை. அவமானமாக இருந்தது. அவமானப்பட்டதற்காக என் மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது. அந்த மீன்தானே எங்களுக்குச் சோறு போட்டது?

மறுநாள் முசே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "மூக்குக்குப் பெருசாத் தெரியல" என்றார். ஆனாலும் ரொட்டிக்காரர் அல்லவா? நாலு ரொட்டியைச் சூடாகக் கூண்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, வண்டியை வெயிலில் நிறுத்தச் சொன்னார். நாங்கள் எதிர்ப்பக்க நிழலில் நின்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டேன். வெயில் குறைந்தால் போதும் என்று கூட வேண்டிக்கொண்டேன். வெயில் குறையவில்லை.

கதவைத் திறந்து முசே ஒரு ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தார். மென்றார். முழுங்கவில்லை. திரும்பிக்கொண்டு, காகிதத்தில் துப்பி மடித்தார். எங்கள் மனசு நோகக்கூடாது என்று அதையும் மறைவாகச் செய்தார்.

"மன்னிச்சுக்கப்பா" என்றார் என் வீட்டுக்காரரிடம். "ரொட்டி எல்லாத்தையும் இழுத்துக்கும். நான் என்னா பண்ணட்டும்?"

மிச்ச ரொட்டியைப் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். அவரால் வேறு யாருக்கும் விற்க முடியாத ரொட்டி.

அன்று ராத்திரிச் சாப்பாடு அதுதான். அடுப்பு பற்றவைக்க எனக்குத் தெம்பில்லை. ஆளுக்குக் கொஞ்சமாகப் பிய்த்துக் கொடுத்தேன். மேலே மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சாகவும் இருந்தது. மூக்கோடு ஒட்டி வைத்து மூச்சை இழுத்தேன், திரும்பத் திரும்ப இழுத்தேன். ரொட்டியைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

"நல்லாருக்கும்மா, இன்னும் இருக்கா?" என்றாள் சின்னவள்.

என் வீட்டுக்காரர் தன் பங்கை அவளிடம் நகர்த்தினார். பிறகு என்னைப் பார்க்காமல், "உன் தம்பிக்குப் போன் போடு" என்றார். "நாளைக்குக் கரையில மீன் லோடு எதுனா இருக்குமான்னு கேளு." தோள் போன பிறகு அவர் கரைப்பக்கம் போனதே இல்லை. கல்யாணம், சாவு என்றாலும் ரோட்டோரமாகவே நின்றுவிட்டு வந்துவிடுவார்.

போன் போட்டேன். முசே சொன்னது தம்பிக்கு இன்னும் தெரியாது. எடுத்ததும் உற்சாகமாகக் கேட்டான்: "என்னாக்கா, ரொட்டி லைன் மறுபடி ஏறிடுச்சா? வண்டி எப்பிடிப் போவுது?"

"என்ஜின் நல்லாத்தான் ஓடுது" என்றேன். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை.