காதுக்காரியும் மூச்சு மெஷினும்

நூல் மில்லில் அவளுக்குக் காதுக்காரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி மேஸ்திரி முதல் வாசல் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவள் காதுக்காரிதான். பெயர் சும்மா வந்துவிடவில்லை. நூல் சுற்றும் பிரிவில் மெஷின்கள் வரிசையாக நின்று இரையும். பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அந்த இரைச்சலுக்குள் நின்றுகொண்டு, "அந்தக் கடைசி மெஷின்ல ஒரு கதிர் அழுதுட்டு இருக்கு" என்பாள். மெக்கானிக் சிரிப்பான். மறுநாள் நூல் சுற்றும் அந்தக் கதிர் சுழலாமல் நிற்கும். பிறகு அவன் சிரிப்பதை விட்டுவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு போய் மெஷின் முன்னால் நிறுத்தி, "சொல்லு தாயே, எது?" என்று கேட்க ஆரம்பித்தான்.

மில் பெண்களுக்கு இன்னொரு வித்தையும் உண்டு. வாய் அசைவதைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார்கள். அந்தச் சத்தத்தில் வேறு வழி ஏது? மாமியார் சண்டை, பிள்ளைக்குக் காய்ச்சல், மேஸ்திரியின் தொப்பை எல்லாவற்றையும் உதட்டாலேயே பேசித் தீர்ப்பார்கள். அவளுக்குப் புருஷன் அமைந்ததும் அந்த வித்தையால்தான். மில்லுக்கு வரும் பஸ்ஸில் அவர் கண்டக்டர். மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. ஒருநாள் டிரைவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவர் வாய் தெரிந்தது. இறங்கும்போது அவள் நின்று, "என் மூக்கு நீளம்னு டிரைவர்கிட்ட எதுக்குச் சொல்றீங்க, என்கிட்டயே சொல்லுங்க" என்றாள். ஊத எடுத்த விசில் அவர் வாயிலேயே நின்றுவிட்டது. கொஞ்ச நாளில் பெண் கேட்டு வந்தார்கள்.

கல்யாணம் ஆயிற்று, ஒரு மகள் பிறந்தாள். மீசை அடர்ந்து, உதட்டை மூடித் தொங்கி, அவருக்கு 'மீசை கண்டக்டர்' என்று பெயர் வாங்கித் தந்தது. மீசையோடு குறட்டையும் வளர்ந்தது. அவள் குறட்டைக்குப் பயப்படவில்லை, மில்லில் கேட்காத சத்தமா? அது நிற்பதற்குத்தான் பயந்தாள். இரைந்துகொண்டே இருப்பார், சட்டென்று அடங்கிவிடும். நெஞ்சு ஏறி இறங்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. அவள் பிடித்து உலுக்குவாள். அவர் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு திரும்பிப் படுப்பார். காலையில் கேட்டால், "நல்லாத்தானே தூங்கினேன்" என்பார். அவர் நன்றாகத் தூங்க, அவள் தன் தூக்கத்தைத் தொலைத்தாள்.

வளர்ந்த மகள்தான் ஒரு வழியாக அப்பாவை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது என்றார் டாக்டர். சிபேப் மெஷின் வந்தது. வீட்டில் அதற்கு மூச்சு மெஷின் என்று பெயர். தலைமாட்டில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்குத் துளைகளில் உட்காரும் மெத்தென்ற ஒரு துண்டு. ராத்திரி முழுக்கக் காற்றை ஊதி, தொண்டையைத் திறந்து வைத்திருக்கும்.

"காலம் பூரா நான் ஊதினேன். இப்ப என்னை ஊதுறதுக்கு ஒண்ணு வந்திருக்கு" என்றார் அவர்.

மெஷின் மெல்ல இரையும். அந்த இரைச்சலோடு அவர் மூச்சு ஏறுவதும் இறங்குவதும் அவளுக்குத் தனியாகக் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடினாள். நின்றால் காது எழுப்பிவிடும் என்ற தைரியம். அப்படிச் சில வருஷங்கள் தூங்கினாள். அவள் வாழ்க்கையில் நல்ல காலம் அதுதான். யாராவது வேறு மாதிரிச் சொன்னால் நம்ப வேண்டாம்.

பிறகு வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேடு வந்தது. குக்கர் சரியாக விசில் அடிக்கவில்லை என்று வெயிட்டை மாற்றினாள். வாசல் மணி வேலை செய்யவில்லை என்றாள். அவர் பேசாமல் பேட்டரி வாங்கிவந்து போட்டார். டிவி சத்தம் கம்மிப்போயிற்று என்றாள், வேறு டிவி வந்தது. "இந்தக் காலத்துச் சாமான் எதுலயும் உயிரே இல்லை" என்று கடைக்காரர்களைத் திட்டினாள். அவர் அதற்கும் தலையாட்டினார். அந்தச் சமயத்தில்தான் அவர் மீசையை எடுத்ததும். மீசை இடித்து மூக்குத் துண்டு சரியாக உட்காரவில்லை, காற்று ஒழுகுகிறது என்றார். "உரிச்ச கிழங்கு மாதிரி இருக்கு மூஞ்சி" என்று அவள் கேலி செய்தாள். மீசையில்லாத போட்டோவைப் பார்த்துவிட்டு மகள் இரண்டு நாள் போனில் பேசவில்லை.

கடைசியில் மூச்சு மெஷினிலும் சத்தம் குறைந்தது. கண்ணை மூடினால் அதன் இரைச்சல் எங்கோ தூரத்துக்குப் போய், இல்லாமலே போய்விடும். அவள் பதறி எழுந்து அவரை உலுக்குவாள். அவர் கண் விழித்து, அவள் விரலைப் பிடித்துக் குழாயின் மேல் வைத்து, "ஓடுது பாரு" என்பார். படுப்பாள். மறுபடி உலுக்குவாள். பகலில் அவர் பேப்பர் படித்துக்கொண்டே தூங்கினார், முடிவெட்டும் நாற்காலியில் தூங்கினார், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கரண்டியும் கையுமாகத் தூங்கினார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"மெஷினைக் கொண்டுபோய்க் காட்டணும்" என்றாள்.

"அது நல்லாத்தான் இருக்கு. விடு."

"மில்லுல அத்தனை மெஷினுக்கும் நாடி பாத்தவ நான். எனக்குத் தெரியாதா? உங்க உயிரு அதுலதானே ஓடுது?"

அவர் எழுந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு மெஷினைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த சந்தில், இந்த மாதிரி மெஷின்களை ரிப்பேர் பார்க்கும் கடை. சுவரோரமாக ஆக்சிஜன் சிலிண்டர்கள், மடக்கி வைத்த சக்கர நாற்காலிகள். கடை மெக்கானிக் தூசிக்காக முகத்தில் துணி மாஸ்க் கட்டியிருந்தான். பையைப் பிரித்துக்கொண்டே ஏதோ கேட்டான்.

அவர் அவள் பக்கம் திரும்பி, "எத்தனை வருஷம் ஆச்சுன்னு கேக்கிறாரு" என்றார்.

"ஏழெட்டு வருஷம் இருக்கும் தம்பி. இப்ப ஊதுறது குறைஞ்சுபோச்சு. ராத்திரி நின்னு நின்னு ஓடுது."

மாஸ்க் மறுபடி அசைந்தது. "பகல்ல தூக்கம் வருதான்னு கேக்கிறாரு" என்றார் அவர்.

"வருதாவா? மனுஷன் நின்னாலும் தூங்குறாரு." பிறகு புருஷனிடம் குரலைத் தாழ்த்தி, "வாயைத் திறந்து பேசினா என்னவாம் இவருக்கு?" என்றாள். மெக்கானிக் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அவன் வேலையில் குறை சொல்ல முடியாது. மெஷினின் முதுகிலிருந்து வடிகட்டியை உருவினான், அடுப்புத் துடைத்த துணி மாதிரி இருந்தது. புதியது போட்டான். குழாயின் ஒரு முனையை அடைத்து, காற்றை ஏற்றி, வாளித் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்த்தான். சைக்கிள் டியூபுக்குச் செய்கிற மாதிரிதான். வரவில்லை. பிறகு, வளைந்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்த ஒரு பலகையோடு மெஷினைச் சேர்த்து ஓடவிட்டான். காற்று தள்ளத் தள்ள, மறுபக்கத்துத் தண்ணீர் ஏறி ஒரு கோட்டில் நின்றது. டாக்டர் சொல்லியிருந்த அளவும் அந்தக் கோடும் ஒன்று. தண்ணீர் இம்மியும் அசையவில்லை.

"அளவு சரி தம்பி, நானும் பாத்தேன்" என்றாள். "சத்தம்? அதைச் சொல்லு. சத்தம் இப்படிக் குறைஞ்சா அது நல்ல மெஷினா?"

மெக்கானிக் வேர்வையைத் துடைக்க மாஸ்க்கைக் கழற்றினான். இப்போது அவன் உதடு தெரிந்தது. "சத்தம் குறையலையேம்மா. கூடித்தான் போயிருக்கு. உள்ள பேரிங் தேஞ்சிருக்கு. பழசானா இப்படித்தான் கத்தும்."

அவள் அவனை நம்பவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்தாள். சக்கர நாற்காலி கேட்டு வந்திருந்த ஒருத்தி, போனில் பேச முடியாமல், மெஷினை முறைத்துவிட்டு ஒரு காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு நகர்ந்தாள்.

காதுக்காரி குனிந்து பெட்டியின் மேல் காதை வைத்தாள். கன்னத்தில் அதிர்ந்தது. காதில் ஒன்றும் இல்லை. மற்றக் காதை வைத்தாள். லீவு நாளில் மில்லுக்குள் போய் நின்ற மாதிரி இருந்தது.

அவள் நிமிர்ந்தாள். மெக்கானிக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மூக்கில் மாட்டும் துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "இது மட்டும் புதுசா மாத்திக்கங்க சார். இதுக்காகவா மீசையை எடுத்தீங்க? இந்த ரகத்துக்கு மீசை இருந்தா ஒண்ணும் ஆகாதே."

ஒவ்வொரு சொல்லையும் அவள் அவன் உதட்டிலிருந்து எடுத்தாள். பிறகு புருஷனின் வெறும் மேலுதட்டைப் பார்த்தாள். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார், முகத்தை மட்டும் திருப்பவில்லை. கொஞ்ச காலமாகவே, என்ன பேசினாலும் அவளுக்கு நேரே முகம் காட்டித்தான் பேசினார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"குக்கர் வெயிட்டு?" என்றாள்.

"அது நல்லாத்தான் இருந்துச்சு."

"வாசல் மணி?"

"அதுவும்."

அவள் ஸ்டூலைத் தடவி உட்கார்ந்தாள். "அப்ப ராத்திரியெல்லாம் உங்க தூக்கத்தைக் கெடுத்தது மெஷின் இல்லை."

"கண்டக்டர் உத்தியோகம் பாத்தவனுக்கு இதெல்லாம் ஒரு தூக்கக் கேடா? போ."

அவள் சிரிக்கவில்லை. மெக்கானிக் அவள் முன்னால் வந்து குனிந்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னான்: "காதை டெஸ்ட் பண்ணிக்கங்கம்மா. மாட்டிக்கிறதுக்கு மெஷின் இருக்கு. நல்லாக் கேக்கும்."

"படுக்கும்போது?"

"படுக்கும்போது கழட்டி வச்சிரணும்மா."

"சரி தம்பி" என்றாள்.

பேரிங் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும் என்று சொல்லி மெஷினைத் துடைத்துக் கொடுத்தான். வீட்டுக்கு வந்ததும், மத்தியானத்திலேயே அவரைப் படுக்கச் சொன்னாள். அவர் மூக்குத் துண்டை மாட்டிக்கொண்டு படுத்தார். அவள் பொத்தானை அழுத்தினாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அவளுக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

மூக்குத் துண்டின் முன்பக்கம் ஊசிக்கண் அளவில் ஓட்டைகள் உண்டு. அவர் விடுகிற மூச்சு அந்த வழியாகத்தான் வெளியே வரும். அவள் எதிரே படுத்து, அந்த ஓட்டைகளுக்கு நேரே உள்ளங்கையை வைத்தாள். காற்று வந்து பட்டது. தளர்ந்தது. மறுபடி பட்டது. இருக்கிறார். ஆனால் காது, ஆள் தூங்கினாலும் விழித்திருந்து காவல் காக்கும். கை அப்படி இல்லை. அவள் தூங்கினால் கையும் விழுந்துவிடும்.

அவர் கண் திறந்து பார்த்தார். குரல் இல்லாமல், பழைய மில் பெண்களைப் போல உதட்டை மட்டும் அசைத்தார். "தூங்கு."

தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து இமையின் இடுக்கால் பார்த்தாள். அவரும் கண்ணை மூடியிருந்தார். மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. ஆனால் உதடு இறுக்கமாக மூடியிருந்தது. உண்மையாகத் தூங்கினால் அவர் கீழுதடு ஓரத்தில் சற்றுத் தொங்கும். அவள் தூங்கட்டும் என்று தூங்குகிறவர் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தார்.

அவள் காட்டிக்கொள்ளவில்லை. கண்ணை மறுபடி மூடிக்கொண்டாள். உள்ளங்கையில் காற்று வந்து பட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் கை மரத்துப்போனதும், கட்டில் அசையாமல், மற்றக் கையைக் கொண்டுவந்து வைத்தாள்.