பிரியவதனியின் அருந்தப்புக் கணக்கு

நெடுந்தீவில் ஒரு பாடசாலைக்கு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது, பாதுகாப்பு அலுவலராக வந்தவர் கரம்பொன் ஊரைச் சேர்ந்த பிரியவதனி. எந்த வேலையில் விபத்து நடக்க எவ்வளவு வாய்ப்பிருக்கிறது என்று முன்கூட்டியே மதிப்பிடுவது அவருடைய வேலை. நடந்த விபத்துகளை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. விபத்தாகாமல் அருந்தப்பில், மயிரிழையில், தப்பிய சம்பவங்களையும் அறிய வேண்டும். சுவர் கட்டும் மேசன்மாரோ அவற்றைப் பற்றி வாய் திறப்பதில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம்.

அதனால் தேநீர் நேரத்தில் பிரியவதனி தன் கதையிலிருந்தே தொடங்கினார். "இண்டைக்குப் படகால இறங்கேக்க கடலுக்குள்ள விழப் பாத்தனான். ஒரு அம்மா சட்டையில பிடிச்சு இழுத்ததால தப்பினன்."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நாள் ஜெயரூபன் என்ற மேசன் தானாகவே வந்து சொன்னார். "மிஸ், நேற்று இந்தத் தீவில திரியிற காட்டுக் குதிரை ஒண்டு வந்து சாரக்கட்டுக் காலில முதுகு தேச்சது. நான் மேல நிண்டனான்."

பிரியவதனி யாரையும் ஏசவில்லை. அன்றே சுற்றிவர வேலி போடுவித்தார். அதன் பிறகு ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள்.

மூத்த மேசன் இராயப்பு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மேல் தட்டில் நிமிரும்போதெல்லாம் அவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சற்று நிற்பதைப் பிரியவதனி கவனித்தார்.

"இராயப்பண்ணை, தலை சுத்துதோ?"

"எனக்கோ? ஒண்டும் இல்லைப் பிள்ளை."

"எண்டாலும் இனிக் கீழ பூசுங்கோ. சம்பளம் குறையாது, நான் முதலாளியோட கதைச்சிட்டன்."

இராயப்புவுக்குக் கோபம். முகத்தைத் திருப்பிக்கொண்டே கீழ்ச் சுவரைப் பூசினார். பிரியவதனி கொடுத்த தேநீரையும் தொடவில்லை. பிழையாக மதிப்பிட்டுவிட்டேனோ என்று படகில் போகும்போதெல்லாம் பிரியவதனியின் மனம் அரித்தது.

ஒரு மத்தியானம், மேசன் கரண்டி கையில் இருக்க, இராயப்பு மணல் குவியலின் மேல் சரிந்தார். பிரியவதனி ஓடிப்போய் அவர் தலையைத் தாங்கிக்கொண்டார். உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டிய பெட்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நிமிர்ந்தவுடன் இரத்த அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று சொல்லி, அவர் தினமும் விழுங்கிவந்த பிரஷர்க் குளிசையை வைத்தியர் மாற்றிக் கொடுத்தார்.

"மேல நிண்டிருந்தா..." என்று கட்டிலில் கிடந்தபடி தொடங்கினார் இராயப்பு.

"நிக்கேல்லைத்தானே. பேசாமப் படுங்கோ அண்ணை."

"உம்மோட கோவிச்சிட்டன் பிள்ளை."

"ஓம், தெரியும்."

வேலைக்குத் திரும்பிய அன்று தேநீர் நேரத்தில் இராயப்புதான் முதலில் கதைத்தார். "எனக்குக் கன நாளாத் தலை சுத்தினது. இந்தப் பிள்ளை கேக்கேக்க பொய் சொன்னனான்."

கட்டடம் முடியும்வரை அவர் கீழேயே வேலை செய்தார். மேலே ஏறுகிற ஒவ்வொருவரையும் "பெல்ட் போட்டாச்சோ?" என்று அவரே அதட்டினார். கத்திக் கத்திச் சொல்லும் வேலை குறைந்ததில் பிரியவதனிக்குத் தொண்டை கொஞ்சம் மிச்சமாயிற்று.