கடல்காற்று எப்போது வரும்?

வெயிலை நிறுத்த முடியாத ஒருவன், வெயில் அடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லிச் சம்பளம் வாங்குவதுதான் வானிலை ஆபீஸ் உத்தியோகம். நான் சேர்ந்த யுத்த காலத்தில் அதைச் சொல்லவும் கூடாது. இங்கே கடைசியாக எழுதியிருக்கும் சம்பவத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரியும். மற்றவையெல்லாம் நானே பட்டவை. மேலதிகாரி ஒரு பக்கம் இழுக்க, அக்கம்பக்கத்தார் மறுபக்கம் இழுக்க, நடுவில் நின்று விழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்த உரிமையில் உங்களிடம் சொல்கிறேன்.

சேர்ந்த நாள்

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். பௌதிகத்தில் தேறியிருந்ததால் இந்த வேலை கிடைத்தது. சேர்ந்த அன்றே சூப்பரிண்டெண்ட் என்னை உட்காரச் சொல்லாமல் நிறுத்தி வைத்து விதிகளைச் சொன்னார். காற்று எந்தத் திசை, எவ்வளவு வேகம், நாளைக்கு வானம் எப்படி இருக்கும் என்பதெல்லாம் இனி ராணுவ ரகசியம். பத்திரிகையில் வராது, ரேடியோவிலும் வராது. தெரிந்தால் எதிரி விமானம் நல்ல நாள் பார்த்து வந்துவிடும். யாரிடமாவது வாய்விட்டால் முதலில் வேலை போகும், பிறகு ஜெயில். எனக்கு ஜெயிலைவிட வேலை போவதுதான் பெரிய பயமாக இருந்தது. என் சம்பளம் வராவிட்டால் ஊரில் அடுப்பு எரியாது.

எதையும் சரியாகச் செய்யவேண்டும் என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு. ஆகவே ஒரு சந்தேகம் கேட்டேன். என் தகப்பனாருக்கு எழுதத் தெரியாது. யாரையாவது பிடித்து எழுதச் சொல்லி அனுப்பும் கடிதத்தில், "அங்கே வெயில் எப்படி?" என்று தவறாமல் கேட்பார். அதற்கு என்ன பதில் எழுதுவது?

சூப்பரிண்டெண்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார். "'பகவான் கிருபையில் சௌக்கியம்'னு எழுது. அதுல ஈரப்பதம் ஒண்ணும் இல்லியே!" என்றார். அவர் சிரிக்கவில்லை.

வடாம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரக் காகிதம் ஒன்றில் கையெழுத்து வாங்க மயிலாப்பூரில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் அவர் ஈஸிசேரில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி கையில் கரண்டியோடு வந்தார்.

"நீதானே ஆபீஸ்ல புதுசா வந்திருக்கற பிள்ளை? நாளைக்கும் மறுநாளும் மேகம் போடாம வெயில் காயுமா? வடாத்துக்குக் கூழ் கிளறிண்டிருக்கேன். இவர்கிட்டே கேட்டா யுத்தம்ங்கறார். ஆத்துல வானிலை ஆபீஸரை வச்சுண்டு, நான் எதிராத்து மாமியைப் போய்க் கேக்க வேண்டியிருக்கு."

நான் சூப்பரிண்டெண்டைப் பார்த்தேன். பத்திரிகை இன்னும் கொஞ்சம் மேலே ஏறி அவர் முகத்தை மறைத்தது. "மன்னிக்கணும் மாமி, சொல்லக்கூடாது" என்றேன்.

"வாயால சொல்லவேண்டாம். ஹிட்லருக்குத் தெரியாம தலையை மட்டும் ஆட்டு, போறும்."

நான் தலையை ஆட்டவில்லை. ஆனால் தேனாம்பேட்டையிலிருந்து அந்த வெயிலில் நடந்து வந்தவன். நெற்றியிலிருந்து வழிந்த வேர்வை மூக்கு நுனியில் நின்று அவர் வீட்டுத் தரையில் சொட்டியது. மாமி அதைப் பார்த்தார். கூழை இறக்க உள்ளே போகும்போது சொன்னார்: "நல்லவேளை, வேர்வைக்குச் சென்ஸார் கிடையாது!"

பச்சையம்மாளின் அடுப்பு

இதுவரை சிரித்திருந்தால் சரி. இனிமேல் அவ்வளவு சுலபமில்லை.

தேனாம்பேட்டையில் ஒரு காலி மைதானத்தை ஒட்டி எனக்கு ஓர் அறை. மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் வரிசையாகக் கீற்றுக் குடிசைகள். அதில் ஒன்றில் பச்சையம்மாள் இருந்தாள். கணவன் இல்லை. இரண்டு சின்னப் பிள்ளைகள். சாயங்காலத்தில் மசால் வடை சுட்டுத் தெருமுனையில் விற்றுத்தான் பிழைப்பு. அந்தக் குடிசைவாசிகளிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கோடையில் மேற்கேயிருந்து வறண்ட காற்று வீசினால், முற்பகலிலேயே எல்லா அடுப்பையும் தண்ணீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். கடல்காற்று வந்து அனல் தணிந்த பிறகுதான் மறுபடி மூட்டலாம். மீறினால் வரிசை முழுவதும் வாசலில் வந்து நின்று திட்டும். முன்பொரு தரம் எரிந்து சாம்பலானதில் கற்றுக்கொண்ட பாடம் அது.

கடல்காற்று மத்தியானமே வந்தால் பச்சையம்மாளுக்கு வியாபாரம் உண்டு. பொழுது சாய்ந்து வந்தால் அரைத்து வைத்த பருப்பு புளித்துப் போகும். அன்றைக்குப் பிள்ளைகளுக்குக் கஞ்சிதான். ஆகவே தினமும் காலையில் நான் கிளம்பும்போது வழிமறிப்பாள். "இன்னா நைனா, இன்னிக்கு கடல்காத்து எப்போ வரும்? பருப்பு ஊறப் போடட்டா?"

முந்தின நாள் முழுவதும் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது அதே கேள்விக்குத்தான். மேற்கேயிருந்து வீசும் மேல்காற்று பலமாக இருந்தால் கடல்காற்று உள்ளே வர நேரமாகும். "தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பொய் சொல்ல வாய் வராமல், "சொல்லக்கூடாது பச்சையம்மா" என்பேன். ஒருநாள் மனம் கேளாமல், "இன்னிக்குப் பருப்பு ஊறப் போடாதே" என்று மட்டும் சொன்னேன். "ஏன், நேத்து வடையில உப்பு தூக்கலா?" என்று கேட்டுவிட்டு ஊறப் போட்டாள். புளித்தது.

மறுநாள் அவள் கோபமாகவே இருந்தாள். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுப் போயேன் நைனா. படிச்சவன் அப்டி சொன்னா நாக்கு அறுந்தா பூடும்?"

அண்ணாச்சி பார்த்த நாள்

தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி எங்கள் வட்டாரத்துக்கு வார்டன், அதாவது விமானக் குண்டுவீச்சிலிருந்து ஜனங்களைக் காக்கும் தொண்டர். திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, காக்கிச் சட்டையும் விசிலுமாக வெயிலில் அலைவார். ஒருநாள் என் அறைக்கு வந்தார். மைதானத்தில் ஒத்திகை நடத்தப்போகிறாராம். நடுவில் ஒரு கீற்றுக் குடிசை போட்டு, குண்டு விழுந்ததுபோல் அதைக் கொளுத்தி, கைப் பம்பாலும் மணலாலும் அணைத்துக் காட்டவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எந்த நாள் வைக்கலாம் என்று கேட்டார்.

அன்று காலையில்தான் அடுத்த வாரத்துக்கு உரிய முன்னறிவிப்பை நகல் எடுத்திருந்தேன். கடும் வறட்சி, பலத்த மேல்காற்று, கடல்காற்று மிகத் தாமதம். "அடுத்த வாரம் மட்டும் வேண்டாம் அண்ணாச்சி" என்றேன்.

"ஏன் தம்பி?"

"சொல்லக்கூடாது."

"நான் என்ன ஜப்பான்காரனா? கடை வச்சிருக்கேன்லா! காரணம் சொல்லாம நாளைத் தள்ளிப்போட்டா மேல உள்ளவன் என்ன நெனைப்பான்? பயந்துட்டான்னு நெனைப்பான்லா?"

ஒருநாள் பொறுக்கச் சொல்லிவிட்டுச் சூப்பரிண்டெண்டிடம் ஓடினேன். இந்த ஒருவருக்கு மட்டும் சொல்ல அனுமதி கேட்டேன். அவர் கல்நெஞ்சர் அல்லர். உடனே மேலிடத்துக்கு எழுதினார். மேலே 'அவசரம்' என்று சிவப்பு மையில் போட்டார். "பதில் வர்ற வரைக்கும் நீயும் நானும் ஊமை" என்றார். பதில் வரவில்லை.

அண்ணாச்சி மறுபடி வந்தபோது என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. குடிசைகள் பக்கத்தில் இருக்கின்றன, காற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மடியிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து விரித்தார். "நீங்க சொல்லாட்டாப் போகட்டும் தம்பி. எங்கிட்ட பஞ்சாங்கம் இருக்கு. அதை எந்த வெள்ளைக்காரனும் ரகசியம்னு சொல்லலை" என்று சொல்லி, அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமை பகலில் நல்ல வேளையாக ஒன்றைக் குறித்துக்கொண்டார்.

ஒத்திகை

வெள்ளிக்கிழமை காலையில் பச்சையம்மாளிடம், "மத்தியானம் பிள்ளைகளைக் குடிசைக்குள்ளே படுக்க வைக்காதே, தூரமா அழைச்சிட்டுப் போ" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டாள். நான் அந்த வேலையில் வெளியாருக்குச் சொல்லி, அவர்கள் கேட்டு நடந்த முன்னறிவிப்பு அது ஒன்றுதான்.

எனக்கு அன்று ஆபீஸில் முறை. மாடியில் காற்றுமானி சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைதானத்தில் நடந்ததைப் பிறகு பலரும் சொன்னார்கள். குடிசைவாசிகள் கட்டுப்பாட்டின்படி முற்பகலிலேயே எல்லா அடுப்பையும் அணைத்திருந்தார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. அண்ணாச்சி விசில் ஊதினார். பொய்க் குண்டுக்காகக் கட்டிய பொய்க் குடிசையில் நிஜ நெருப்பை வைத்தார்கள். பம்பை அடிக்கத் தொடங்குவதற்குள் எரிகிற கீற்று ஒன்று பிய்த்துக்கொண்டு மேலே எழும்பியது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கிழக்கு ஓரத்துக் கூரையில் போட்டது. அப்புறம் பம்பாலும் மணலாலும் ஆவதற்கு ஒன்றுமில்லை. நெருப்பு வண்டி வந்து சேர்ந்தபோது வரிசை முழுவதும் எரிந்து முடிந்திருந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்றார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அண்ணாச்சி மைதானத்து மண்ணில் உட்கார்ந்திருந்தார். விசில் இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பச்சையம்மாள் கரிந்த நாலு மண்சுவருக்கு நடுவே, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தலைமயிர் லேசாகப் பறந்துகொண்டிருந்தது. நான் அருகே போனேன். அவளே பேசினாள்.

"இப்போ வந்துக்கீது நைனா, கடல்காத்து. கூரை இல்லாத வூட்டுக்குள்ள தாராளமாவே வருது."

மறுநாள் ஆபீஸில் நான் சரிபார்த்தபோது அந்த வாரத்துக்கு நாங்கள் எழுதிய முன்னறிவிப்பில் ஒரு சொல்கூடத் தப்பியிருக்கவில்லை. அதைப் படித்திருந்தவர்களில்தான் கீற்றுக் கூரையின் கீழ் குடியிருப்பவர் ஒருவரும் இல்லை.