வேடியம்மா வீட்டுச் சாமை முறம்

1. நான்கு பேர்

ஐம்பதுகளின் கடைசியில், ஆசிரியர் பயிற்சி முடித்த இரண்டாவது மாதத்தில், ஜவ்வாது மலையில் ஓர் ஓராசிரியர் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. புதூர்நாட்டைத் தாண்டி ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டிய சிற்றூர். பள்ளி என்பது ஒரு கூரைக் கொட்டகை, ஒரு கரும்பலகை, ஒரு வருகைப் பதிவேடு. பதிவேட்டில் இருபத்து மூன்று பெயர்கள் இருந்தன. முதல் நாள் வந்தவர்கள் நான்கு பேர்.

பயிற்சிப் பள்ளியில் நான் இரண்டாவதாகத் தேறியவன். மணிச்சட்டம், எழுத்து அட்டைகள், படம் வரைந்த சுருள் துணி எல்லாவற்றையும் தலைச்சுமையாக ஏற்றிக்கொண்டு மலையேறியிருந்தேன். மணிச்சட்டத்தைக் காட்டிக் கூட்டல் தொடங்கினேன். ஐந்தோடு நான்கு சேர்த்தால் எத்தனை என்று கேட்டு முடிப்பதற்குள் ஒரு சிறுவன் ஒன்பது என்றான். பன்னிரண்டில் ஏழு போனால் என்றேன். ஐந்து என்றான். அதற்கு முன் அந்தப் பள்ளி ஏழெட்டு மாதம் ஆசிரியர் இல்லாமல் பூட்டிக் கிடந்தது. யார் சொல்லிக்கொடுத்தது என்று விசாரித்தேன்.

"வேடியம்மாக்கா வூட்ல வெளையாடுவோம் சார்" என்றான்.

மதிய இடைவேளைக்கு விட்டேன். நான்கு பேரும் ஓடைக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போனார்கள். திரும்பி வரவில்லை. அங்கிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மணிச்சட்டத்தை எடுத்துத் துடைத்து உறையில் போட்டேன். பொறாமை என்று நான் இன்று சொல்வது அன்று மதியமே ஆரம்பித்துவிட்டது. ஆனால் அதற்கு அன்று நான் வைத்துக்கொண்ட பெயர் 'ஒழுங்கின்மை'.

2. அந்த வீட்டில் நடந்தது

வேடியம்மாவுக்கு அப்போது இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கணவன் புளி உலுக்கப் போகிறவன். அவள் சிறுமியாக இருந்தபோது திருப்பத்தூரில் ஒரு புளி மண்டிக்காரரான பாய் வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். அந்த வீட்டுப் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடும்போது அவளை மாணவியாக உட்கார வைப்பார்களாம். தமிழ் எழுத்தும் கணக்கும் அவளுக்கு அப்படி வந்தவைதான். படிப்பு என்றால் விளையாட்டுத்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வேறு மாதிரி அவள் பார்த்ததே இல்லை.

பிள்ளைகளைக் கூட்டி வருவதற்காக ஒரு நாள் அங்கே போனேன். வாசலில் புளியம்பழம் குவித்திருந்தது. கொட்டை எடுக்கும் வேலை நடக்கிறது என்று நினைத்தேன். வேலையும் நடந்தது. ஓடு உடைக்காத பழம் ஒன்றை ஒரு சிறுமி கையில் வாங்கி, விரலால் தடவிப் பார்த்து, ஏழு கொட்டை என்றாள். உடைத்தால் ஐந்து இருந்தது.

"எத்தினி கூட சொன்ன?" என்றாள் வேடியம்மா.

"ரெண்டு."

"அப்ப நீ ரெண்டு தப்பு. அடுத்த ஆளு."

குறைந்த தப்புச் சொன்னவருக்குப் பழம். அந்த ஒரு துண்டு புளிக்காக மலைப் பிள்ளைகள் பத்துப் பேர் கூட்டலும் கழித்தலும் செய்துகொண்டிருந்தார்கள். என் மணிச்சட்டத்துக்கு அந்தப் புளிப்பு கிடையாது.

எழுத்துக்கு ஒரு முறம். சாணம் மெழுகிய முறத்தில் சாமையைப் பரப்பி, விரலால் எழுதுவார்கள். விரல் போன இடத்தில் சாமை விலகி முறம் கறுப்பாகத் தெரியும். தப்பாகப் போனால் ஒரு குலுக்கு. எழுத்து மறைந்துவிடும். சிலேட்டில் எழுதிய தப்பு வாத்தியார் வந்து பார்க்கும்வரை அப்படியே இருக்கும். அதனால்தான் என் பிள்ளைகள் சிலேட்டைக் கையில் எடுக்கவே யோசித்தார்கள். இதையெல்லாம் அன்றைக்கே புரிந்துகொண்டேன். புரிந்ததால்தான் எரிந்தது.

முறத்துக்கு மூன்று பக்கம்தான் விளிம்பு உண்டு. திறந்த வாய்ப்பக்கம் சாமை சிந்தும். வேடியம்மாவின் மகள் குப்பு, ஐந்து வயதுக் குழந்தை, தாய்க்கு எதிரே வாய்ப்பக்கமாக உட்கார்ந்து இரண்டு கையாலும் அணை போட்டிருப்பாள். அது அவளுடைய வேலை. மற்ற பிள்ளைகள் தாயின் தோளை ஒட்டியும் முதுகுக்குப் பின்னாலும் நின்று எட்டிப் பார்ப்பார்கள். தன் முறை வந்தால் குப்பு உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதுவாள்.

3. என் முறம்

மறு வாரம் புதூர்நாட்டுச் சந்தையில் நானும் ஒரு முறம் வாங்கினேன். யாருக்கும் சொல்லவில்லை. சாமை பரப்பி, பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, 'அ' எழுதச் சொன்னேன். ஒருத்தன் எழுதும்போது தும்மினான். சாமை பறந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களை முழங்கால் போடச் சொன்னேன். வேடியம்மா வீட்டிலும் தும்மியிருப்பார்கள், அங்கே அதுவும் ஆட்டத்தில் சேர்ந்திருக்கும் என்று எனக்கே தெரிந்தது. அன்று மாலை அந்த முறத்தைக் கொட்டகையின் பரண்மேல் போட்டுவிட்டேன்.

அதன் பிறகு அவளிடம் குறை தேடுவது என் பழக்கமாயிற்று. பாடக்குறிப்பு கிடையாது. வயதுப் பிரிவு கிடையாது. நேர அட்டவணை கிடையாது. ஒரு நோட்டில் குறித்துக்கூட வைத்தேன்.

4. விண்ணப்பம்

இரண்டாம் வருடம் மாசி மாதம். அந்தச் சிற்றூரில் ஒரு பால்வாடி திறக்கலாம், எழுத்தறிந்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி இருந்தால் அவளையே போடலாம் என்று வட்டார அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பள்ளி ஆய்வுக்கு இன்ஸ்பெக்டர் வரும்போது மகளிர் நல அலுவலர் அம்மாவும் கூட வருவார்; நேரில் பார்த்து இருவரும் முடிவு செய்வார்கள். ஆள் கிடைக்காவிட்டால் பால்வாடி வேறு ஊருக்குப் போய்விடும்.

ஊருக்கு அறிக்கையை வாசித்துக் காட்டியதே நான்தான். எல்லோரும் வேடியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் அவள் பள்ளிக்கு வந்து விண்ணப்பம் எழுதித் தரும்படி கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். கீழே தன் பெயரை அவளே எழுதினாள். போகும்போது நின்றாள்.

"ஒரு தபா வூட்டாண்ட வந்து பாருங்க வாத்தியாரே. நான் தானா கத்துக்கினவ. இன்னா தப்பு இருந்தாலும் சொல்லுங்க, திருத்திக்கிறேன். பெரியவங்க முன்னால மானம் போவக் கூடாது."

போனேன். முறத்து விளையாட்டு நடந்தது. எனக்காகக் கூழ் எடுத்து வர அவள் உள்ளே போனாள். குப்பு எழுந்து முற்றத்துக்கு வந்து, ஒரு குச்சியால் மண்ணில் எழுத ஆரம்பித்தாள். அவள் முதுகுப் பக்கம் நான் நின்றிருந்தேன்.

குழந்தை வலது ஓரத்தில் தொடங்கி இடது பக்கமாகப் போனது. ஒவ்வொரு எழுத்தும் தலைகீழாக இருந்தது. கொஞ்சமும் தயங்காமல், அழகாக, தலைகீழாக 'அம்மா' என்று எழுதி முடித்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. தாய்க்கு எதிரே உட்கார்ந்தே கற்றவள். தாய் எழுதிய எழுத்தெல்லாம் அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்திருக்கிறது, தெரிந்தபடியே எழுதுகிறாள். எதிரே உட்கார்ந்திருக்கும் தாய்க்கோ அது நேராகத் தெரியும். எத்தனை வருடம் ஆனாலும் அந்த இடத்திலிருந்து அவளால் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

குழந்தையைத் தூக்கித் தாயின் பக்கம் உட்கார வைத்தால் போதும். ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும். ஆய்வுக்கு மூன்று வாரம் இருந்தது.

அப்போது எனக்கு வந்தது கவலை இல்லை. சந்தோஷம். என் நோட்டில் இருந்த குறைகள் எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது என்று நினைத்தேன். மண்ணில் இருந்ததைக் காலால் அழித்தேன். குழந்தை அதையும் ஆட்டம் என்று எண்ணிச் சிரித்து, தானும் காலால் தேய்த்தது.

வேடியம்மா கூழோடு வந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"எல்லாம் சரியா இருக்கும்மா" என்றேன். கூழை வாங்கிக் குடித்தேன்.

5. கரும்பலகை

இன்ஸ்பெக்டரும் அலுவலர் அம்மாவும் புதூர்நாடு வரை ஜீப்பில் வந்து, அங்கிருந்து நடந்து, காலை பத்து மணிக்கு வந்து சேர்ந்தார்கள். பள்ளி ஆய்வு சீக்கிரம் முடிந்தது. பிறகு எல்லோரும் ஓடையைத் தாண்டி வேடியம்மா வீட்டுக்குப் போனோம்.

புளிக்கொட்டை ஆட்டத்தில் அலுவலர் அம்மாவும் சேர்ந்துகொண்டார். ஒரு பழத்தைத் தடவி ஒன்பது என்றார். நான்குதான் இருந்தது. "அஞ்சு தப்பு. உங்களுக்குக் கெடையாது" என்று ஒரு சிறுமி பழத்தைப் பிடுங்கிக்கொண்டாள். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் வேடியம்மாவுக்கு வேலை நிச்சயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முறத்தையும் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் தாயின் பக்கத்தில் நின்று பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் நேர்தான். குப்பு எழுதியதையும் பார்த்து, இந்தச் சின்ன வயதுக்கு நல்ல கையெழுத்து என்று பாராட்டினார்.

அலுவலர் அம்மா நோட்டில் ஏதோ எழுதத் தொடங்கினார். நான் வாயைத் திறந்தேன்.

"ஐயா, அந்தக் கொழந்தையே பள்ளிக்கூடத்துக்கு வந்து போர்டுல ஒரு வரி எழுதட்டுமே. ரிப்போர்ட்ல போடறதுக்கு நல்லா இருக்கும்."

இன்ஸ்பெக்டர் சம்மதித்தார். வேடியம்மா என்னை நன்றியோடு பார்த்தாள். தன் மகளுக்கு நான் ஒரு வாய்ப்பு வாங்கிக் கொடுத்ததாக நினைத்தாள். வழியில் குழந்தையின் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள்.

குப்பு அதற்கு முன் சாக்பீஸ் பிடித்ததில்லை. முக்காலியில் ஏற்றி நிறுத்தினேன். பலகையின் வலது ஓரத்துக்கு நகர்ந்து நின்று எழுதினாள். 'அம்மா'. பிறகு தன் பெயர். முடித்துவிட்டுத் திரும்பி எல்லோரையும் பார்த்தாள்.

முதலில் சிரித்தவர்கள் பிள்ளைகள். வேடியம்மா வீட்டில் அவளோடு விளையாடிய அதே பிள்ளைகள்.

"இன்னாம்மா இது, நாங்க தலைகீழா நின்னு படிக்கணுமா?" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் கெட்ட மனிதர் அல்ல, வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் பிள்ளைகளின் சிரிப்பு இன்னும் கூடியது. அலுவலர் அம்மா எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடினார்.

காரணம் எனக்குத் தெரியும். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியத்தில் முடிகிற விளக்கம். கேட்டால் அவர்களும் வியந்திருப்பார்கள். நான் டஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

குப்பு முக்காலியில் நின்றபடியே தாயிடம் கேட்டாள்: "சரியாத்தானம்மா எழுதினேன்?"

வேடியம்மா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியவர்களைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

6. கேள்வி

மறுநாள் காலை பள்ளி தொடங்கும் முன் அவள் வந்தாள். கண்டுபிடித்துவிட்டிருந்தாள்.

"நான் அந்தப் பக்கம் போயி குந்திப் பாத்தேன் வாத்தியாரே. எம் பொண்ணு தப்பா எழுதல. நான் காட்டினதத்தான் எழுதியிருக்கா."

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"அன்னிக்கு நீங்க வந்தப்ப இது உங்க கண்ணுல பட்டுச்சா?"

"இல்லம்மா."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"படலதான். பட்டிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க."

அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருடம் இவ்வளவு கனமாக இருந்திருக்காது. அவள் என்னை நம்பினாள். நம்பி, பழி முழுவதையும் தன் மேலேயே போட்டுக்கொண்டு, ஓடைப் பக்கம் இறங்கிப் போனாள்.

பால்வாடி வேறு ஊருக்குப் போனது. வேடியம்மா மறுபடி முறத்தில் சாமை பரப்பவில்லை. தான் தப்பாகக் கற்றுக்கொடுத்து ஊர்ப்பிள்ளைகளைக் கெடுத்துவிடுவோம் என்று பயந்தாள். அதன் பிறகு நான் பல நாள் அந்த வீட்டைக் கடந்து போனேன். புளி குவிந்திருக்கும். பெரியவர்கள் பேசாமல் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் என் பள்ளிக்குக் கூடுதலாக வருவார்கள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். வந்துகொண்டிருந்தவர்களிலும் மூன்று பேர் ஆடு மேய்க்கப் போய்விட்டார்கள். குப்புவின் பெயரைப் பதிவேட்டில் எழுதினேன். அவள் ஒரு நாளும் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டால், என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வாள்.

ஆய்வுக் குறிப்பில் என் வேலை 'திருப்தி' என்று இருந்தது. அடுத்த வருடம் சமவெளிக்கு மாற்றல் கிடைத்தது. பிற்காலத்தில் பயிற்சிப் பள்ளியில் விரிவுரையாளராகவும் இருந்தேன். வீட்டில் கிடைக்கும் பொருளை வைத்துக் குழந்தைகளுக்கு விளையாட்டாகக் கற்பிப்பது எப்படி என்று பாடம் எடுக்கும்போது, முறத்தையும் புளிக்கொட்டையையும் சொல்வேன். பயிற்சி மாணவர்கள் கைதட்டுவார்கள். எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், மலையில் வேலை பார்த்தபோது என்பேன். வேடியம்மாவின் பெயரை ஒரு தடவையும் சொன்னதில்லை. இந்தக் குறிப்பில்தான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

இளம் ஆசிரியர்களுக்கு இதிலிருந்து என்ன சொல்வது? குழந்தை உட்கார்ந்திருக்கும் பக்கம் போய் உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்லலாம். நல்ல பாடம்தான். ஆனால் அது வேடியம்மா ஒரே நாளில் தானாகக் கற்றுக்கொண்ட பாடம். நான் அந்தப் பக்கத்திலிருந்து ஏற்கெனவே பார்த்துவிட்டவன். பார்த்தும் மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தவன்.

அதனால் நான் சொல்லக்கூடியது இதுதான். ஒரு குழந்தையிடம் தப்பு கண்ணில் பட்டால், அன்றைக்கே அதன் தாயிடம் சொல்லிவிடுங்கள். நல்ல மனதோடுதான் சொல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. பொறாமையோடு சொன்னாலும், குத்திக்காட்டிச் சொன்னாலும், குழந்தைக்கு அது போதும்.